எங்கள் கரைக்கு வந்த நஞ்சுக்கு எந்த ஊரில், எந்த நாளுக்குள் வழக்கு?

மதிப்புக்குரிய சட்டமா அதிபர் அவர்களுக்கும் நீதி அமைச்சர் அவர்களுக்கும்,

2027 மே 25 என்ற திகதியை உங்கள் அலுவலகங்களில் எவராவது குறித்து வைத்திருக்கிறார்களா? இந்த மடலின் முதற் கேள்வி அதுதான்.

2025 மே 25 அன்று லைபீரியக் கொடியுடன் சென்ற எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கொள்கலன்களோடு கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரையில் ஒதுங்கின. பின்னர் கடலைத் தாண்டி இலங்கையின் வடக்குக் கரைக்கும் வந்தன. பிறர் செய்த தவறால் ஏற்பட்ட நட்டத்துக்கு வழக்குத் தொடுக்க, நமது நாட்டில் இன்றும் நடைமுறையிலுள்ள 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் தருவது இரண்டே ஆண்டுகள். கப்பல் மூழ்கிய நாளிலிருந்து எண்ணினால் அந்த இரண்டு ஆண்டுகள் முடியும் நாளைத்தான் மேலே கேட்டேன். எந்த நீதிமன்றத்தில், யாருக்கு எதிராக, எந்த நாளுக்குள் வழக்குத் தொடுக்கப்படும் என்று மன்னாரில் பேசாலையிலுள்ள என் உறவினர்களிடம் இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அங்கே மணிகளைப் பொறுக்கச் சாக்குகள் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று நினைக்கலாம். நான் நீர்கொழும்பில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்தில் கடிதங்களையும் கணக்குகளையும் பார்ப்பவள். எங்கள் வீட்டு ஆண்கள் ஒருநாள் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது கரைக்கு வந்தவற்றை எங்கள் கைகளால் அள்ளினோம். நட்டஈடு கேட்டு அன்று எழுதத் தொடங்கிய விண்ணப்பங்களுக்கு இன்னும் முடிவில்லை. சட்டத்தின் காலக்கெடுவும், எந்த நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் என்கிற நியாயாதிக்கமும் எங்களைப் போன்றவர்களை என்ன செய்கின்றன என்பதை அந்தக் கப்பலிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். அதே பாடத்தை வடக்குக் கரை மக்கள் முதலிலிருந்து படிக்க வேண்டாம்.

நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வரிசையில்தான் எங்கள் முறைப்பாடு இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பேர்ள் சிங்கப்பூர்க் கொடிக் கப்பல். 1,486 கொள்கலன்கள், அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலம். அமிலம் கசிவது 2021 மே 11 அளவிலேயே கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீரா துறைமுகமும் அந்தக் கொள்கலனை இறக்க இடம் கொடுக்கவில்லை. மே 19 இரவு கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டது, 20ஆம் திகதி தீ, 25ஆம் திகதி வெடிப்பு. ஜூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபோது பின்பகுதி தரைதட்டியது. முற்றாக அமிழ்ந்தது ஜூன் 17. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. ஒரே விபத்தில் கடலில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகளில் உலகம் கண்ட மிகப் பெரிய அளவு அது. 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்கின.

இந்தப் பட்டியலில் கருவாடு இல்லை. தொழிலுக்குப் போகத் தடை வந்ததால் படகுகள் கரையேறின. தடை நீங்கிய பிறகும் மீனைத் தொட ஆட்கள் பயந்தார்கள். எண்ணெயும் அமிலமும் தின்ற மீன் என்று சந்தையில் பேச்சு. விலை விழுந்தது. மீன் இல்லையென்றால் எங்களுக்குக் கருவாடு இல்லை. கருவாடு இருந்த நாட்களிலும், காற்று மணலோடு சேர்த்து அந்த வெள்ளை மணிகளை விரிப்புகளில் கொண்டுவந்து போட்டது. ஒவ்வொரு மீனாக எடுத்து உதறிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இடைக்கால நட்டஈடு வந்தபோது நாங்கள் போய் நின்ற அலுவலகத்தில், படகுப் பதிவு இலக்கம் கேட்டார்கள். எங்களுக்குப் படகு இல்லை. விரிப்பும் உப்பும் கத்தியும்தான் எங்கள் தொழிற்கருவிகள், அவற்றுக்குப் பதிவு இலக்கம் இல்லை. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல ஒரு பிள்ளையைப் பிடித்து, நிரப்பி, கிராம சேவையாளரிடம் உறுதி வாங்கித் திரும்பிப் போனபோது, ஏற்றுக்கொள்ளும் நாள் கடந்துவிட்டது என்றார்கள். அந்த நாளை எங்கே அறிவித்திருந்தார்கள் என்று கேட்டோம். பதில் இல்லை. நான் அறிந்த முதற் காலக்கெடு அதுதான். அதற்குப் பிறகு சட்டத்தில் இருக்கும் மற்றக் காலக்கெடுக்களைத் தேடித் தேடி வாசித்தேன். அவையும் எங்களைப் பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல என்பது புரிந்தது.

அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். தீ மூண்டது மே 20. கப்பல் முற்றாகக் கடலடியில் அமர்ந்தது ஜூன் 17. அதாவது கப்பல் மூழ்கி முடித்த மூன்றாம் நாளில் எங்கள் ஒரு மாதம் முடிந்துவிட்டது. அந்த மாதத்தில் கடலில் என்ன கலந்தது என்பதையே எவரும் முழுதாக அறிந்திருக்கவில்லை. தொடரும் மீறலுக்கு விலக்கு உண்டு, நீதிமன்றம் தாராளமாகப் பார்க்கும் என்று சட்டத்தரணிகள் சொல்கிறார்கள். விலக்கு கிடைக்கும் என்று நம்பி வழக்குப் போடுவதற்குச் சட்டத்தரணியும் பணமும் வேண்டும். சுற்றாடல் அமைப்புகளும் திருச்சபையும் மீனவர் தரப்பும் அன்று ஓடிப்போய் மனுத் தாக்கல் செய்திராவிட்டால் 2025 ஜூலை 24இன் தீர்ப்பே இருந்திருக்காது. அந்தத் தீர்ப்பை எங்கள் சங்கத்தில் உரக்க வாசித்தோம். மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னதைக் கேட்டுச் சிலர் அழுதார்கள். ஓராண்டுக்குள் நூறு கோடி டொலர், முதல் 25 கோடி டொலர் 2025 செப்டெம்பர் 23க்குள் என்றது நீதிமன்றம். அந்தச் செப்டெம்பரிலேயே கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி, தாம் செலுத்தப் போவதில்லை என்று வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடம் சொன்னார். கடல் வணிகமே பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு என்ற அடிப்படையில்தான் நடக்கிறது, இந்தத் தீர்ப்பு அந்த அடிப்படையைக் குலைக்கிறது என்பது அவருடைய வாதம்.

அந்த உச்சவரம்பு எங்கே போடப்பட்டது? லண்டனில். எங்கள் கரையில் ஒரு மணியும் அள்ளாத ஊரில், உரிமையாளர் தரப்பு கடல்சார் நீதிமன்றத்துக்குப் போய், தம் பொறுப்பு 19 மில்லியன் பவுண் அளவோடு நின்றுவிடும் என்ற கட்டளையைப் பெற்றது. இது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று வாசித்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. கப்பல் எத்தனை தொன் என்பதுதான் கணக்கு. எத்தனை ஆமை, எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. நமது நிபுணர் குழு சேதத்தை 6.4 பில்லியன் டொலர் என்று மதிப்பிட்டிருந்தது. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அரசு தன் வழக்கைச் சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் கடைசியில்தான் தாக்கல் செய்தது. தீ மூண்டு இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குச் சில வாரங்களே இருந்தன. எங்கே தொடுப்பது என்ற விவாதத்தில்தான் அந்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி போனது என்பதை நாடே பார்த்தது. சிங்கப்பூரைத் தெரிவு செய்ததற்குக் காரணங்கள் இருக்கலாம். உரிமையாளர் நிறுவனம் அங்கே, கொடி அங்கே, பணத்தை அறவிட வேண்டிய இடமும் அதுவே. அதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கில் சாட்சி யார்? கருவாட்டு விரிப்பில் மணிகளைப் பொறுக்கிய பெண் சிங்கப்பூருக்கு எப்படிப் போவாள்? அவளுடைய நட்டம் அரசின் கோரிக்கையில் எந்தப் பக்கத்தில், எந்தத் தொகையாக இருக்கிறது? எங்களிடம் ஒருவரும் கேட்டு எழுதவில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். சீனாவில் கட்டி, சிங்கப்பூரில் பதிந்து, துபாயில் சரக்கேற்றி, கட்டாரிலும் இந்தியாவிலும் திருப்பி அனுப்பப்பட்டு, எங்கள் கடலில் எரிந்து, லண்டனில் வரம்பு போட்டுக்கொண்ட ஒரு கப்பல். இத்தனை ஊர்களுக்கும் அதன்மீது நியாயாதிக்கம் உண்டென்றால், நஞ்சு வந்து விழுந்த ஊருக்கு அது முதலில் இருந்திருக்க வேண்டும்.

காலக்கெடு பற்றிச் சொல்ல வேண்டிய மிக முக்கியமான ஒன்று இருக்கிறது. தீ ஒரு நாளில் மூண்டது. மாசு அப்படி நடக்கவில்லை. சோளகக் காற்று எழும் காலத்தில் இன்றும் எங்கள் கரையில் மணிகள் ஒதுங்குகின்றன. சில மஞ்சளாகவும் சில எரிந்து கறுத்தும் வருகின்றன. அடுத்த சோளகத்தில் வரப்போகும் மணிக்கு எந்த நாளில் எங்கள் இரண்டு ஆண்டு தொடங்குகிறது? அது கரையைத் தொட்ட நாளிலா, கப்பல் எரிந்த நாளிலா?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது, அந்தப் பதில் எங்களுக்கு ஆபத்தானது. 2011 டிசம்பர் 20 அன்று நைஜீரியக் கரைக்கு அப்பால் பொங்கா எண்ணெய் வயலில் சுமார் 40,000 பீப்பாய் எண்ணெய் கொட்டியது. 27,000க்கும் மேற்பட்ட கரையோர மக்கள் ஷெல் குழும நிறுவனங்களுக்கு எதிராக லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். ஆறு ஆண்டுக் காலக்கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது, 2017 டிசம்பரில் வழக்கு பதிவானது. சரியான நிறுவனத்தைப் பிரதிவாதியாக மாற்றிச் சேர்க்க அவர்கள் கேட்டது 2018 ஏப்ரலில். எண்ணெய் இன்னும் எங்கள் நிலத்திலும் ஓடைகளிலும் கிடக்கிறது, ஆகவே தொல்லை தினமும் தொடர்கிறது, காலமும் தினமும் புதிதாகத் தொடங்குகிறது என்று வாதிட்டார்கள். 2023 மே 10 அன்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கசிவு ஒருமுறை நடந்த ஒன்று, எண்ணெய் அங்கேயே கிடப்பதால் அது தொடரும் தொல்லை ஆகாது என்பது தீர்ப்பு. பிளாஸ்டிக் மணிகள் விடயத்தில் நாளை ஒருவர் இதே வாதத்தை எங்கள்மீது வைப்பார். ஒரு குழுமத்துக்குள் எந்த நிறுவனத்தின் பெயரை எழுதுவது என்று தெரியாமலே ஆண்டுகள் போய்விடும் என்பதையும் அந்த வழக்கு காட்டுகிறது. கொழும்பில் உள்ள சட்டத்தரணிகளுக்கே கப்பல் உரிமையாளர், இயக்குபவர், வாடகைக்கு எடுத்தவர் என்று பிரித்தறிவது கடினம். பேசாலைச் சம்மாட்டி எப்படி அறிவார்?

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2009 ஓகஸ்டில் அவுஸ்திரேலியக் கடலில் மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்து, இரண்டு மாதங்களுக்கும் மேலாகக் கசிந்தது. எல்லை கடந்து இந்தோனேசியாவின் ரோட்டே, குப்பாங் பகுதிகளில் கடற்பாசி வளர்த்த குடும்பங்களின் பயிர் அழிந்தது. அவர்கள் அவுஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது 2016இல். காலக்கெடுவோ மூன்று ஆண்டு. தொலைவில் இருந்த ஏழை விவசாயிகள் காரணத்தையும் காரணமானவரையும் சட்டத்தையும் உடனே அறிந்திருக்க முடியாது என்பதைக் கணக்கில் எடுத்து நீதிமன்றம் காலத்தை நீடித்தது. 2021 மார்ச்சில் அவர்கள் வென்றார்கள். 2022 நவம்பரில் 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு வழக்கு இணக்கத்தில் முடிந்தது. 15,000க்கும் மேற்பட்ட கடற்பாசி விவசாயிகளுக்கு அது சேர வேண்டிய பணம். அங்கே காலத்தை நீடிக்கும் அதிகாரம் நீதிபதியின் கையில் சட்டத்தால் கொடுக்கப்பட்டிருந்தது. நமது 1871ஆம் ஆண்டுச் சட்டம் மாசடைந்த கரைக்கு அப்படி ஒரு வழியைத் திறந்து வைக்கவில்லை. வைக்கச் சொல்லித்தான் கேட்கிறேன்.

அண்டை மாநிலம் செய்ததையும் பாருங்கள். எல்சா 3 மூழ்கிய சில வாரங்களில் கேரள அரசு தன் உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி இந்திய ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தது. அதே குழுமத்தின் இன்னொரு கப்பல் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றபோது அதைத் தடுத்துவைக்க ஆணை பெற்றது. கப்பல் மூழ்கிய இடம் கரையிலிருந்து 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே, ஆகவே மாநிலத்துக்கு உரிமையில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஆயினும் நீதிமன்றம் 1,227.62 கோடி ரூபாயைப் பிணையாக வைக்கச் சொன்னது. இறுதியில் என்ன தீர்ப்பு வந்தாலும், பிணை முன்கூட்டியே உள்ளூர் நீதிமன்றத்தின் கைக்குள் வந்துவிட்டது. நமக்கும் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கக் கடல்சார் நியாயாதிக்கச் சட்டம் இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்துக்கு உலகின் பெரிய கொள்கலன் கப்பல்கள் நாள்தோறும் வருகின்றன. கப்பலைத் தடுத்துவைக்கும் அதிகாரம் உள்ள நாடு, பணம் எங்கே இருக்கிறது என்று வெளியூரில் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆகவே கேட்கிறேன்.

சட்டமா அதிபர் அவர்களே, எல்சா 3 மாசு தொடர்பாக நமது வடக்குக் கரைக்கான கோரிக்கை எங்கே, யாருக்கு எதிராக, எந்த நாளுக்குள் என்பதை மும்மொழியிலும் பகிரங்கமாக அறிவியுங்கள். நியாயாதிக்க விவாதம் முடியாவிட்டாலும், காலக்கெடுவைக் காக்கும் வழக்கொன்றை 2027 மே 25க்கு வெகு முன்னதாக இலங்கை நீதிமன்றத்தில் பதிந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தாக்கல் செய்யும் வழக்கு இனி வேண்டாம். பொறுப்பான எல்லா நிறுவனங்களின் பெயர்களையும் முதல் நாளிலேயே பிரதிவாதிகளாக எழுதுங்கள். கோரிக்கையைத் தயாரிக்கும்போது கருவாடு போடும் பெண்கள், வலை பின்னுபவர்கள், கரைவலை இழுப்பவர்கள் ஆகியோரின் நட்டத்தை அவர்கள் வாயால் கேட்டு எழுத, தமிழ் தெரிந்த அலுவலர்களை மன்னாருக்கும் யாழ்ப்பாணத் தீவுகளுக்கும் அனுப்புங்கள். படகுப் பதிவை ஒரே சான்றாகக் கேட்காதீர்கள். எக்ஸ்பிரஸ் பேர்ளுக்காக உயர் நீதிமன்றம் அமைத்த நட்டஈட்டு ஆணைக்குழு நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் புத்தளத்திலும் அமர்ந்து தமிழிலும் விசாரிக்கத் தேவையான வசதியை அரசு செய்து தர வேண்டும்.

நீதி அமைச்சர் அவர்களே, காலவரையறைச் சட்டத்தைத் திருத்துங்கள். கடல் மாசு வழக்குகளில், பாதிக்கப்பட்டவர் சேதத்தையும் அதற்குப் பொறுப்பானவரையும் அறிந்த நாளிலிருந்து காலம் எண்ணப்பட வேண்டும். மாசு மீண்டும் மீண்டும் கரையேறும்வரை அது தொடரும் சேதம் என்று சட்டமே சொல்ல வேண்டும், நீதிபதியின் விளக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது. நியாயமான காரணம் இருந்தால் காலத்தை நீடிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுங்கள். சுற்றாடல் தொடர்பான அடிப்படை உரிமை மனுக்களுக்கு ஒரு மாதம் என்ற வரையறையை நீக்கும் திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் முன்வையுங்கள். கப்பல் எந்தக் கொடியுடன் வந்தாலும், எந்தக் கடலில் மூழ்கினாலும், சேதம் இலங்கைக் கரையில் ஏற்பட்டால் இலங்கை நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் உண்டு என்று 2008ஆம் ஆண்டின் கடல் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். இந்தியாவுடன் பேசுங்கள். கேரளத்தில் அறவிடப்படும் பிணையில் நமது கரைக்கும் உரிமை கோர வழியுண்டா என்பதை இன்றே ஆராயச் சொல்லுங்கள்.

இந்த மடலின் பிரதிகளைப் பாராளுமன்றத்தின் எல்லாக் கடற்கரை மாவட்ட உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். எல்சா 3 கோரிக்கை பற்றிய எழுத்துமூலப் பதிலை, தமிழில், ஒரு மாதத்துக்குள் எதிர்பார்க்கிறோம். அடிப்படை உரிமைக்காக நீதிமன்றம் செல்ல எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் காலமும் அவ்வளவுதான்.

நீர்கொழும்பு கருவாட்டுத் தொழில் செய்யும் பெண்கள் சார்பில்,
சங்கச் செயலாளர்